மறைப்பின் வரலாறு: ஞானதிருஷ்டி பற்றிய நம்பிக்கையும் சோதனையும்

கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிகழ்வதையும், மூடிவைக்கப்பட்ட பொருளையும், இன்னும் நடவாத நிகழ்ச்சியையும் ஐம்புலன்களின் துணையின்றிச் சிலரால் அறிய முடியும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஞானதிருஷ்டி, அருள்வாக்கு, குறி, மை எனப் பல பெயர்களில் வாழ்ந்துவருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில், காவாந்தண்டலம் போன்ற வேளாண் ஊர்களில், காணாமற்போன மாட்டுக்கும் தள்ளிப்போகும் திருமணத்துக்கும் தீராத நோய்க்கும் குறி கேட்பதை எவரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குறி சொல்பவரின் ஆற்றலைச் சுற்றியே நடக்கிறது. அவரிடமிருந்து எது மறைக்கப்பட்டது, அதை மறைத்தவர் யார், மறைப்பில் ஓட்டை இருந்ததா என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. மறைப்பு உறுதியாக இல்லாத இடத்தில் மறைந்ததைக் கண்டேன் என்ற கூற்றுக்குப் பொருளே இல்லை என்பதால், இந்தக் கேள்விகளை முன்னே வைத்து இந்த வரலாற்றைப் படிப்பதே தெளிவைத் தரும்.

மறைப்பை எப்படி அமைப்பது என்பதற்கு உத்திரமேரூரிலேயே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சான்று ஒன்று கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில் ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்புவாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் பெரியோரும் கூடியிருந்த சபையில், கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை மீண்டும் அவன் கையாலேயே எடுக்கப்பட்டது. அதை வாங்கிய மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் படித்த பிறகு அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதைப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து மாற்றுவதற்கும், இல்லாத பெயரைப் படித்துவிடுவதற்கும் இடமில்லாதபடி இந்த விதிகள் அமைந்துள்ளன. இன்று ஓர் உளவியல் ஆய்வகத்தில் எவருக்கும் முன்கூட்டித் தெரியாத வகையில் இலக்கைத் தேர்ந்தெடுப்பது, கலைப்பது, சாட்சிகள் முன் பதிவுசெய்வது என்று வகுக்கப்படும் படிநிலைகள் பெரும்பாலும் இவையே. மனிதரின் நேர்மையை மட்டும் நம்பாமல் நடைமுறையை நம்பிய இந்த ஊர்ச்சபையாரின் மனப்பாங்கு, ஞானதிருஷ்டியைச் சோதிக்க வந்த பலரிடம் பிற்காலத்தில் இல்லாமற்போனது.

கோயில்களில் இன்றும் நடக்கும் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இதே அமைப்பைக் கொண்டது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் செய்து, வந்த பூவின் நிறத்தைக் கொண்டு சாமியின் சம்மதம் அறியப்படுகிறது. இங்கே குழந்தை எதையும் காண்பதாக எவரும் கருதுவதில்லை. அதன் அறியாமையே தீர்ப்புக்கு உத்தரவாதம். மை போட்டுப் பார்ப்பதில் இதே குழந்தை நேர் எதிரான இடத்தில் வைக்கப்படுகிறது. திருட்டுப்போன பொருளைக் கண்டுபிடிக்க, மை தடவிய வெற்றிலையைச் சிறுவனோ சிறுமியோ உற்றுப் பார்க்க வேண்டும். பளபளக்கும் கரிய பரப்பை நெடுநேரம் பார்ப்பவருக்கு உருவங்கள் தோன்றுவது உலகின் பல பகுதிகளில் பதிவான அனுபவம்தான். ஆனால் அந்த உருவத்துக்குப் பெயரும் திசையும் தருவது பெரும்பாலும் சூழ்ந்து நிற்கும் பெரியவர்களின் கேள்விகளே. ஆள் உயரமா, வேட்டி கட்டியிருக்கிறானா, கிழக்கே போகிறானா என்று கேட்கக் கேட்க, பெரியவர்கள் ஏற்கெனவே யாரைச் சந்தேகிக்கிறார்களோ அந்த முகத்தை நோக்கிக் குழந்தையின் பதில்கள் நகர்கின்றன. மையில் தெரிந்த ஆள் என்று ஒருவர் மேல் விழுந்த பழியை எந்தப் பஞ்சாயத்தாலும் எளிதில் துடைக்க முடியாது என்பதால், பூவைக் காட்டிலும் மை ஆபத்தானது.

இத்தகைய ஐயம் மேலைக் கல்வியோடு வந்தது என்று சொல்வதற்குச் சங்க இலக்கியம் இடம் தராது. தலைவி காதலால் மெலிய, காரணம் அறியாத தாய் குறி பார்க்கும் கட்டுவிச்சியையும் முருகனின் பூசாரியான வேலனையும் அழைப்பது அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சூழல். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்க்கிறாள். வேலன் கழற்சிக்காய்களாகிய கழங்குகளை உருட்டி, இது முருகனால் வந்த அணங்கு என்று கூறி வெறியாடுகிறான். நோயின் உண்மைக் காரணம் தலைவிக்கும் தோழிக்கும் பாடலைப் படிப்பவருக்கும் தெரியும்; தெரியாதவர்கள் குறி பார்ப்பவரும் தாயும் மட்டுமே. நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி, உண்மை தெரிந்திருந்தும் வெறியாட்டுக்கு வந்து நிற்கும் முருகனையே அறியாமை உடையவன் என்று கடிந்துகொள்கிறாள். குறி தவறும் தருணத்தையே கவிதையின் சுவையாக்கிய ஒரு மரபு, முக்காலமும் உணரும் அறிவரைத் தொல்காப்பியத்தில் மதிப்போடு குறிப்பிடுவதையும் விடவில்லை. நம்பிக்கையும் கிண்டலும் ஒரே சமூகத்தில், பல நேரங்களில் ஒரே வீட்டில், அருகருகே இருந்திருக்கின்றன. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி, தற்செயலாகக் காதில் விழும் சொல்லாகிய விரிச்சியைக் கேட்டு நிற்க, கன்றைத் தேற்றும் இடைமகளின் சொல் நற்சொல்லாகக் கொள்ளப்படுவதில் மட்டும் கிண்டல் இல்லை. அங்கே எவரும் எதையும் கண்டதாக உரிமை கொண்டாடவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தத்துவ மரபுகளும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. பதஞ்சலியின் யோகசூத்திரம் மூன்றாம் பாதத்தில், ஒளிமிக்க மனவோட்டத்தை ஒரு பொருளின் மீது செலுத்துவதால் நுண்ணியதும் மறைந்ததும் தொலைவிலுள்ளதும் அறியப்படும் என்று கூறி, அதே பாதத்தில் இத்தகைய ஆற்றல்கள் சமாதிக்கு இடையூறு என்றும் எச்சரிக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் தொன்மையான மையத்தைக் கொண்ட சமணம், அறிவை ஐந்தாகப் பகுத்து, புலன்களின் உதவியின்றித் தொலைவிலுள்ள பருப்பொருளை ஓர் எல்லைவரை அறிவதை அவதி ஞானம் என்றும், பிறர் மனத்தை அறிவதை மனப்பரியய ஞானம் என்றும் வகைப்படுத்தியது. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு கூறும் பௌத்த அறிஞர் திக்நாகர், யோகியரின் காட்சியைப் பிரத்தியட்சத்தின் ஒரு வகையாக ஏற்றார். இவர்களுக்கு எதிராக, வேதத்தின் அதிகாரத்தை உயர்த்திப் பிடித்த மீமாம்சகர்களே மிகக் கடுமையான மறுப்பை வைத்தனர் என்பது வியப்பளிக்கும் செய்தி. ஒருவரின் கண் மற்றவர் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு கூர்மையானாலும் கண் ஒலியைக் கேட்காது, வராத காலத்தைக் காணாது, ஒவ்வொரு புலனின் மிகையும் அதன் எல்லைக்குள்ளேயே நிகழும் என்பது மீமாம்சகரான குமாரிலரின் வாதம். பக்தியுள்ள வைதிகர் ஒருவரின் இந்த வாதத்தை இன்றைய பகுத்தறிவாளர் எவரும் தயக்கமின்றிக் கையாளலாம்.

நேருக்கு நேர் குறி சொல்லும் முறைகளில் மறைப்பு தொடக்கத்திலேயே தளர்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி, விளக்கேற்றச் சொல்லி, பிள்ளையார் வைக்கச் சொல்லி, தன் மலைவளம் பாடி, தலைவியின் கையைப் பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகே அவள் மனத்திலுள்ளதைச் சொல்கிறாள்; அதற்குள் மெலிந்த உடலும் மாறிய முகமும் அவள் கண் முன் இருக்கின்றன. வைத்தீஸ்வரன்கோயிலில் புகழ்பெற்ற நாடி சோதிடத்தில் ஆணுக்கு வலது பெருவிரல் ரேகையும் பெண்ணுக்கு இடது பெருவிரல் ரேகையும் வாங்கப்பட்டு, அவருக்குரிய ஏடு தேடப்படுகிறது. ஏடு தேடும்போது வாசிப்பவர் ஒவ்வொரு கூற்றாகச் சொல்ல, வந்தவர் ஆம் அல்லது இல்லை என்று விடை தருகிறார். இருவகை விடை கொண்ட இருபது கேள்விகளால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகளை வடிகட்டிவிடலாம் என்பது எளிய கணக்கு. ஆக, ஏடு கிடைத்தது என்று அறிவிக்கப்படும் வேளையில், வந்தவரின் வாழ்க்கை விவரத்தில் பெரும்பகுதி அவர் வாயாலேயே வெளிவந்திருக்கும். இதில் வாசிப்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. கேட்டுப் பழகியவருக்கு எதிரிலிருப்பவரின் அசைவுகளைப் படிப்பது இரண்டாம் இயல்பாகிவிடுகிறது. கேட்பவரின் பங்கும் இதில் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கு, தனித்தனியே ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லி ஒரே குணவிவரிப்பைக் கொடுத்தார். சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து திரட்டப்பட்ட அந்தப் பொதுவான வாக்கியங்கள் தமக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று அவர்கள் இட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26.

ஞானதிருஷ்டி பற்றிய நவீன விசாரணையின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையிடத்தை அடையாற்றுக்கு மாற்றியது. அங்கே ஓர் அறையில் வைக்கப்பட்டிருந்த மாடம் போன்ற மரப்பேழையில், இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகத் தோன்றுவதாக நம்பப்பட்டது. சபையில் பணியாற்றிப் பிரிந்த கூலோம் தம்பதியர், இவையெல்லாம் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் ஏற்பாடு என்று கூறி அளித்த கடிதங்களை 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. 1882இல் இலண்டனில் உருவான உளவியல் ஆய்வுக் கழகம் இதை விசாரிக்க ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்ப, அவர் டிசம்பரில் சென்னை வந்து ஏறத்தாழ மூன்று மாதம் தங்கிச் சாட்சிகளைக் கேட்டார். அவர் வருவதற்கு முன்பே, விசாரணையின் மையப்பொருளான அந்தப் பேழை சபையைச் சேர்ந்தவர்களாலேயே பிரிக்கப்பட்டு எரிக்கப்பட்டிருந்தது. பேழைக்குப் பின்னிருந்த சுவரின் அமைப்பையும் கையெழுத்து ஒப்பீட்டையும் கொண்டு, 1885இல் வெளியான அறிக்கை பிளாவட்ஸ்கியைத் தேர்ந்த ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டியது. அதே கழகத்தின் இதழில் 1986இல் வெர்னான் ஹாரிசன் ஹாட்ஜ்சனின் கையெழுத்து ஆய்வு ஒருதலையானது என்று சுட்டிக்காட்டியதும் நியாயமான குறையே. இருந்தாலும், அற்புதம் நிகழ்ந்த கருவியை அதன் ஆதரவாளர்களே அழித்த பிறகு, அற்புதத்தை நிறுவும் பொறுப்பை எதிர்த்தரப்பின் மேல் சுமத்துவது பொருந்தாது.

அடையாற்றின் இரண்டாம் வரலாறு அறிவியலுக்கு இன்னும் நெருக்கமானது. 1907இல் சபையின் தலைவரான அன்னி பெசன்ட்டும் சபையைச் சேர்ந்த சார்லஸ் லெட்பீட்டரும், நுண்ணியதைக் காணும் யோக ஆற்றலால் தனிமங்களின் அணுக்களை நேரே பார்த்ததாகக் கூறி 1895இல் தொடங்கிய பணியை, 1908இல் ‘அக்கல்ட் கெமிஸ்ட்ரி’ என்ற நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டபடி ஹைட்ரஜனில் 18 இறுதித் துகள்களும் நைட்ரஜனில் 261 துகள்களும் ஆக்சிஜனில் 290 துகள்களும் இருந்தன. பின்னிரண்டு எண்களையும் 18ஆல் வகுத்தால் 14.5, 16.11 என அணு எடைகளுக்கு அருகில் வரும் எண்கள் கிடைக்கின்றன. ஆனால் இந்த எடைகள் அன்றைய வேதியியல் பாடநூல்களில் அச்சாகி இருந்தவை. இலக்கு மறைக்கப்படவே இல்லை. யாரும் அறியாதிருந்ததைச் சொன்ன இடங்களே இந்நூலுக்கு உண்மையான சோதனை, அங்கே விளைவு கலவையாக இருக்கிறது. நியானுக்கு 22.33 எடையுள்ள ‘மெட்டா நியான்’ என்ற துணைவகை உண்டு என்று அவர்கள் எழுதியிருக்க, சில ஆண்டுகளில் ஜே.ஜே. தாம்சனின் ஆய்வகத்தில் 22 எடையுள்ள நியான் வெளிப்பட்டது. அதை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஆஸ்டன் 1913இல் அதற்கு மெட்டா நியான் என்ற பெயரை இந்த நூலிலிருந்தே எடுத்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஓர் இயற்பியலாளர் அடையாற்றின் சொல்லைக் கடன் வாங்கியது சபையின் ஆதரவாளர்களுக்குப் பெருமிதம் தந்தது. ஆனால் ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவற்றுக்கும் இதே போன்ற துணைவகைகளைச் சொன்ன அந்நூல், செனானைவிடக் கனமான ‘கேலான்’ என்ற மந்த வாயு ஒன்றையும் கண்டதாகக் கூறியது. தனிமங்களை அணு எண்ணால் வரிசைப்படுத்தலாம் என்று இயற்பியலாளர் மோஸ்லி 1913இல் காட்டிய பிறகு, அத்தகைய வாயுவுக்கு அட்டவணையில் இடமே இல்லை என்பது தெளிவாயிற்று. மெட்டா நியானை எண்ணிக்கொண்டு கேலானை மறந்துவிடுவது, பலித்த குறியை மட்டும் ஊரெல்லாம் சொல்லும் வழக்கத்தின் படித்த வடிவம்.

இந்த மறதிக்கு மாற்றாக, எல்லா முயற்சிகளையும் எண்ணும் முறையை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஜே.பி. ரைன். விண்மீன், வட்டம், சதுரம், கூட்டல் குறி, அலைக்கோடு ஆகிய ஐந்து குறிகளைக் கொண்ட 25 சீட்டுகளில், வெறும் ஊகத்தால் சராசரியாக ஐந்து சரியாகும். அதைத் தொடர்ந்து மிஞ்சினால் புலன்கடந்த உணர்வுக்குச் சான்று என்று 1934இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். தொடக்ககாலச் சீட்டுகள் சிலவற்றில் அழுத்தமான அச்சால் குறிகள் பின்புறமே தெரிந்தன என்பது பிறகு கண்டறியப்பட்டது. இக்குறை இல்லாததாகக் கருதப்பட்ட பியர்ஸ்–பிராட் சோதனையில், வேறு கட்டடத்தில் இருந்த மாணவர் ஹூபர்ட் பியர்ஸ் 1,850 முயற்சிகளில், எதிர்பார்க்கத்தக்க 370க்குப் பதிலாக 558 சீட்டுகளைச் சரியாகச் சொன்னார். பியர்ஸ் தம் அறையிலேயே இருந்தாரா என்று எவரும் கண்காணிக்கவில்லை என்று பின்னாளில் உளவியலாளர் சி.இ.எம். ஹான்சல் சுட்டிக்காட்டினார்; அவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார் என்பதற்குச் சான்று கிடையாது, பார்க்கவில்லை என்பதற்கும் கிடையாது. உத்திரமேரூர்ச் சபையார் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி இது என்று கருதலாம்.

ரைனுடன் பணியாற்றிய கே. ராமகிருஷ்ண ராவ் 1967இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியலும் பராஉளவியலும் இணைந்த துறையைத் தொடங்கினார். யோக மரபையும் சீட்டுச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் அவரது வட்டத்தில் நடந்தன. புதுச்சேரி ஆசிரமம் ஒன்றில் பயிற்சி பெற்றோரைத் தியானத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, பின்னதில் மதிப்பெண் சராசரிக்கு மேலேயும் முன்னதில் சராசரிக்குக் கீழேயும் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. சராசரிக்குக் கீழே விழுவதையும் ஒருவகைப் புலன்கடந்த செயலாக எண்ணும் வழக்கம் இத்துறையில் உண்டு. மிகுந்தாலும் சான்று, குறைந்தாலும் சான்று என்ற நிலையில், எந்த விளைவு வந்தால் கோட்பாடு தோற்றதாக ஒப்புக்கொள்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்காவிட்டால், அந்த எண்களுக்கு எடை இல்லை.

பெரும் பணம் செலவான முயற்சி அமெரிக்க உளவுத்துறையுடையது. 1972இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ரசல் டார்க், ஹெரால்ட் புட்ஹாஃப் ஆகியோர் தொடங்கிய தொலைநோக்குச் சோதனைகளில், ஒருவர் ஓரிடத்துக்குச் செல்ல, அறையில் அமர்ந்திருப்பவர் அவ்விடத்தை விவரித்தார். பிறகு ஒரு நடுவர் விவரிப்புகளையும் இடங்களையும் பொருத்தினார். நியூசிலாந்து உளவியலாளர்களான டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் காமனும் மூலப் பதிவுகளைப் பார்த்தபோது, முந்தைய நாள் சென்ற இடங்களைப் பற்றிய பேச்சுகள் அவற்றில் நீக்கப்படாமல் இருந்ததையும், அந்தத் தடயங்களைக் கொண்டே வரிசையைப் பொருத்திவிட முடியும் என்பதையும் 1978இல் காட்டினர். திட்டம் பல பெயர்களில் தொடர்ந்து, சுமார் இரண்டு கோடி டாலர் செலவுக்குப் பின் 1995இல் மூடப்பட்டது. அப்போது மதிப்பீடு செய்தவர்களில் புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ் விளைவு உண்மையானது என்றும், உளவியலாளர் ரே ஹைமன் அப்படிக் கொள்ள இயலாது என்றும் எழுதினர். உளவுப் பணிக்கு அதனால் பயன் விளைந்ததாக மதிப்பீடு காணவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூரின் முறை மலிவானதும் கூர்மையானதும் ஆகும். கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணம் உள்ளிட்ட இடங்களில் ஆசிரியராக இருந்த அவர், 1963 முதல் 1978இல் இறக்கும்வரை, அற்புத ஆற்றலை நிறுவுவோருக்கு ஓர் இலட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்து வைத்திருந்தார். அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, முத்திரையிட்டு மூடப்பட்ட பணத்தாளின் வரிசை எண்ணைப் படிப்பது. பொருத்திப் பார்க்க நடுவர் வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஆறு இலக்க எண் ஒன்று ஊகத்தால் சரியாகும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. பரிசை எவரும் பெறவில்லை. குறி சொல்பவர் பணத்தாளின் எண்ணைச் சொல்லக் கடமைப்பட்டவரா, குடும்பத் துயரோடு வருபவருக்கு ஆறுதல் தருவதுதானே அவர் வேலை என்று கேட்பதில் நியாயம் உண்டு. அருள்வாக்குக் கேட்கும் பெண் தன் மாமியாரின் முன்னால் பேச முடியாத குறையைச் சாமியின் வாயால் கேட்டுச் சபையேற்றிவிடுவது மானுடவியலாளர் கவனிக்க வேண்டிய சமூகப் பயன்தான். அந்தப் பயனுக்கு ஞானதிருஷ்டி உண்மையாக இருக்க வேண்டிய தேவை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த நம்பிக்கை நகரத்துப் பயிற்சி வகுப்பின் உருவில் திரும்பியிருக்கிறது. ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் கட்டணம் வாங்கி, நடுமூளையைத் தூண்டிவிட்டதாகக் கூறி, கண்ணைக் கட்டிய சிறுவர்கள் புத்தகம் படிப்பதையும் நிறம் சொல்வதையும் மேடையில் காட்டும் நிலையங்கள் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பரவின. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இவற்றை வெளிப்படையாகச் சோதித்து, குழந்தைகள் மூக்கோரத்து இடைவெளி வழியே பார்ப்பதைக் காட்டினார். சோவியத் ஒன்றியத்தின் ரோசா குலெஷோவா விரலால் படிப்பதாக 1960களில் எழுந்த பரபரப்பின்போது அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியதும் இதையே: எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இருபுறமும் கீழ்நோக்கிப் பார்க்க இடம் இருக்கும், கட்டை விட்டுவிட்டு, தோள்வரை இறங்கும் மூடிய பெட்டி ஒன்றைத் தலைக்கு மாட்ட வேண்டும். குழந்தைகளை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. மையைப் பார்க்கச் சொன்ன பெரியவர்களைப் போலவே, கட்டணம் கட்டிய பெற்றோரும் எதிரே அமர்ந்து வெற்றியை எதிர்பார்க்கும்போது, தெரியவில்லை என்று சொல்லும் துணிவு எட்டு வயதுக்கு எளிதன்று. இதைச் சோதிக்க ஆய்வகமும் தேவையில்லை: கட்டை அவிழ்க்காமல், புத்தகத்தை மார்புக்கு நேரே வைக்காமல் நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் படிக்கச் சொன்னால் போதும், மூளையின் எந்தப் பகுதி விழித்திருந்தாலும் அங்கே மூக்கோர இடைவெளி உதவாது.